ஒரே விரிப்பு, இரண்டு மேஜை

இரண்டு சாப்பாட்டு மேஜைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். முழுசாக ஒட்டிவிடக் கூடாது. நடுவில் சின்னதாக ஓர் இடைவெளி இருக்கட்டும். இப்போது இரண்டையும் சேர்த்து மூடுகிற மாதிரி நீளமாக ஒரே விரிப்பை விரித்துவிடுங்கள். யார் வந்து பார்த்தாலும் ஒரே மேஜைதான் தெரியும். வீட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும், விரிப்புக்குக் கீழே ஒரு பிளவு இருக்கிறது என்று. அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற மகன், இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற அப்பாவோடு ‘சேர்ந்து’ சாப்பிடவில்லை. அதே சூப், அதே ரொட்டி, சமைத்ததும் அதே அம்மா. ஆனால், கணக்குப்படி வேறு பந்தி.

அந்தப் பையன் என்ன தப்பு பண்ணினான்? கொலையா, கொள்ளையா? அதெல்லாம் இல்லை. ஒரு கார் வாங்கியிருப்பான். அல்லது, கொஞ்சம் தாராளமான வேறொரு சபையில் சேர்ந்திருப்பான். அவ்வளவுதான்.

அமெரிக்காவில் வாழும் ஆமிஷ் மக்களின் சில வீடுகளில் நடக்கிற விஷயம் இது.

ஆமிஷ் என்றதும் சிலருக்கு ஹாரிசன் ஃபோர்டு நடித்து 1985-ல் வந்த ‘விட்னஸ்’ படம் ஞாபகத்துக்கு வரலாம். கார் வைத்துக்கொள்ளாமல் குதிரை வண்டியில் போகிற ஜனங்கள். மீசையை மழித்துவிட்டு தாடி மட்டும் வைத்த ஆண்கள். தலையில் சின்னத் துணித் தொப்பி போட்ட பெண்கள். அரசாங்க மின்கம்பியை வீட்டுக்குள் விடாதவர்கள். பழைய காலத்து ஆட்கள், சீக்கிரமே காணாமல் போய்விடுவார்கள் என்றுதான் பலர் நினைத்தார்கள். நடந்தது தலைகீழ். 1900 வாக்கில் சில ஆயிரம் பேராக இருந்தவர்கள், 2024 கணக்குப்படி சுமார் நான்கு லட்சம் பேர். பென்சில்வேனியா, ஒஹையோ, இண்டியானா ஆகிய மூன்று மாநிலங்களில்தான் பெரும்பகுதி.

இவர்களுடைய இன்னொரு புகழ், சாப்பாடு. ‘ஆமிஷ்’ என்று லேபிள் ஒட்டினால் வெண்ணெயும் விற்கும், கோழியும் விற்கும், ஜாமும் விற்கும். பாட்டி கைப்பக்குவம், கலப்படம் இல்லாதது, மண்ணோடு ஒட்டியது என்று நகரத்து அமெரிக்கர்கள் உருகுகிறார்கள்.

உருகட்டும். ஆனால், இந்தச் சமூகம் பிறந்ததே ஒரு சாப்பாட்டு மேஜைச் சண்டையில்தான். அது அந்த ஜாம் பாட்டிலில் எழுதியிருக்காது!

*

கதை சுவிட்சர்லாந்தில் ஆரம்பிக்கிறது. 1525, ஜனவரி மாதம். ஜூரிக் நகரத்தில் சில இளைஞர்கள் ஒரு வீட்டில் கூடி, ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில் அர்த்தமில்லை, வளர்ந்து, யோசித்து, தானாக முடிவெடுத்து வருகிறவனுக்குத்தான் தரவேண்டும் என்பது அவர்கள் கட்சி. இன்றைக்குக் கேட்டால் ‘சரி, அதனாலென்ன?’ என்போம். அன்றைக்கு அது ராஜத் துரோகத்துக்குச் சமம். குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவர்களே மறுபடி பெறுவதால் ‘அனபாப்டிஸ்ட்’, அதாவது மறுஞானஸ்நானக்காரர்கள் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 1527-ல் ஃபெலிக்ஸ் மான்ஸ் என்கிற தலைவரைக் கைகால்களைக் கட்டி லிம்மாட் ஆற்றில் தள்ளினார்கள். தண்ணீர்தானே வேண்டும், எடுத்துக்கொள் என்கிற குரூரம்.

அதற்கப்புறம் ஓட்டம்தான். மலைப் பக்கம், காட்டுப் பக்கம். பெர்ன் அரசு இவர்களைப் பிடிப்பதற்கென்றே ஆள் வைத்தது. இப்படி ஓடி ஒளிகிறவர்களுக்குப் பெரிய கோயில் ஏது? வீடும் கொட்டகையும்தான் கோயில். சபை கூடுவதும் அங்கேதான், சாப்பிடுவதும் அங்கேதான். கோபுரமும் பலிபீடமும் இல்லாத ஒரு மதத்துக்கு மிச்சமிருந்த புனிதமான மரச்சாமான், மேஜை ஒன்றுதான்.

இங்கேதான் பிரச்னை வருகிறது. சபையின் கட்டுப்பாட்டை ஒருவன் மீறிவிட்டான். இவர்கள் ஆயுதம் எடுக்காதவர்கள். அடிக்க மாட்டார்கள், சிறையில் போட மாட்டார்கள். அப்புறம் எப்படித்தான் தண்டிப்பது? சபையை விட்டு விலக்கலாம். விலக்குவது என்றால் எதுவரை?

சுவிட்சர்லாந்துக்காரர்கள், ‘சபையில் திருவிருந்து கிடையாது, அத்தோடு சரி’ என்றார்கள். ஹாலந்துப் பக்கத்து மென்னொனைட்டுகள் 1632-ல் டோர்ட்ரெக்ட் நகரத்தில் எழுதிவைத்த அறிக்கை இன்னும் ஒரு படி மேலே போனது. விலக்கப்பட்டவனோடு வீட்டில்கூடச் சேர்ந்து சாப்பிடக் கூடாது என்றது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் பவுல் அப்படித்தான் சொல்லியிருக்கிறார் என்பது அவர்களின் ஆதாரம்.

1693-ல் யாக்கோப் அம்மான் களத்தில் இறங்கினார். தொழில், தையல். சபையில் மூப்பர். கறாரான ஆசாமி. எம்மென்டால் பள்ளத்தாக்கில் ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு போதகரையும் நிற்கவைத்துக் கேட்டார்: ‘விலக்கப்பட்டவனோடு சாப்பிடுவாயா, மாட்டாயா?’

மூத்த போதகர் ஹான்ஸ் ரைஸ்ட் மசியவில்லை. வாய்க்குள் போவது மனிதனைத் தீட்டுப்படுத்தாது, இயேசுவே பாவிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்தானே என்றார். இதற்குமேல் என்ன சொல்ல முடியும்? ஆனால், அம்மான் விடவில்லை. ஒரு கொட்டகையில் கூட்டம் கூட்டினார். ரைஸ்ட் வரவில்லை. வயல் வேலை இருக்கிறதாம். வந்ததே கோபம்! அந்த இடத்திலேயே ரைஸ்டையும் அவரோடு இன்னும் சிலரையும் சபை நீக்கம் செய்துவிட்டார் அம்மான். பொறுமையாக இருங்கள் என்று அங்கிருந்த பெண்கள் மண்டியிட்டுக் கெஞ்சியதாக, அந்தச் சமயத்தில் எழுதப்பட்ட கடிதங்கள் சொல்கின்றன.

சில வருடங்கள் கழித்து அம்மான் தரப்புக்கே உறுத்தியது. அவசரப்பட்டுவிட்டோம் என்று ஒப்புக்கொண்டு, தங்களைத் தாங்களே சபை நீக்கம் செய்துகொண்டு சமாதானத்துக்கு வந்தார்கள். ஆனாலும், அந்தச் சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் இறங்கி வர மாட்டோம் என்றார்கள். சமாதானம் முறிந்தது. அம்மானின் ஆட்கள்தான் ஆமிஷ்.

*

1712-ல் பதினான்காம் லூயி மன்னர், அல்சாஸில் அம்மானின் ஆட்கள் குடியிருந்த சென்ட் மரி ஓ மீன் பள்ளத்தாக்கிலிருந்து இவர்களை வெளியேறச் சொன்னார். மறுபடி மூட்டை முடிச்சு. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், எந்த மதத்துக்காரனும் வரலாம் என்று வில்லியம் பென் திறந்துவைத்திருந்த பென்சில்வேனியா இருந்தது. 1737-ல் ‘சார்மிங் நான்சி’ என்கிற கப்பலில் பல ஆமிஷ் குடும்பங்கள் ஃபிலடெல்ஃபியா வந்து இறங்கின. ஐரோப்பாவிலேயே தங்கிவிட்டவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்களோடு கலந்துவிட்டார்கள். ஜெர்மனியில் இக்ஸ்ஹைம் என்கிற ஊரிலிருந்த கடைசி ஆமிஷ் சபையும் 1937-ல் மென்னொனைட் சபையோடு இணைந்துவிட்டது. பிறந்த மண்ணில் இன்று ஓர் ஆமிஷ் சபைகூடக் கிடையாது.

சரி, இப்போது சமையலறைக்குள் போவோம்.

முதல் விஷயம், ஆமிஷ் சமையல் என்று தனியாக ஒன்று ஆதியில் கிடையாது. பென்சில்வேனியாவுக்கு ஜெர்மன் பேசிக்கொண்டு வந்தவர்களில் பெரும்பாலோர் லூத்தரன்கள், சீர்திருத்தச் சபைக்காரர்கள். ஆமிஷ் ஒரு சின்னத் துளி. எல்லோர் வீட்டிலும் ஒரே அடுப்பு, ஒரே குழம்புதான். முட்டைக்கோஸை உப்புப் போட்டுப் புளிக்கவைத்த சவர்கிராட். ஆப்பிளை நறுக்கிக் காயவைத்த ‘ஷ்னிட்ஸ்’. நம் பாஷையில் ஆப்பிள் வற்றல். அதை உப்புக்கண்டம் போட்ட பன்றித் தொடையோடு வேகவைத்து, மேலே மாவு உருண்டைகளைப் போட்டு இறக்கினால் ‘ஷ்னிட்ஸ் உன் க்னெப்’. இனிப்பும் உப்பும் ஒரே சட்டியில்! குளிர்காலத்தில் பன்றி அடித்தால் ஒரு துண்டு வீணாகாது. மிச்சம் மீதி இறைச்சியை வேகவைத்து, அந்தச் சாற்றிலேயே மாவைக் கிளறி, ஆறவைத்து, வில்லை போட்டு வறுத்தால் ‘பன்ஹாஸ்’. அந்த மாவு பெரும்பாலும் மக்காச்சோள மாவு. மக்காச்சோளம், செவ்விந்தியர்களின் தானியம். பாகு ஊற்றிச் செய்கிற பிரபலமான ‘ஷூஃப்ளை பை’ இருக்கிறதே, அதற்கு வேண்டிய கருப்பு மொலாசஸ், கரும்பு விளைகிற தெற்கிலிருந்து வந்த சரக்கு. ஆக, ‘மண்ணோடு ஒட்டிய’ தட்டில் பல தேசத்து மண்.

இரண்டாவது விஷயம் இன்னும் சுவாரசியம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை இவர்களுக்குக் கோயிலில் கிடையாது, இன்றைக்கும் வீட்டில்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, முறைவைத்து ஒவ்வொரு வீட்டில். பெஞ்சுகள் ஒரு வண்டியில் வீடு வீடாகப் பயணம் போகும். சுமார் மூன்று மணி நேர ஆராதனை முடிந்ததும் அதே பெஞ்சுகளை ஜோடி சேர்த்து நிறுத்தினால் சாப்பாட்டு மேஜை ரெடி! எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார இடம் இருக்காது. பெரியவர்கள் முதல் பந்தி, சின்னவர்கள் அடுத்த பந்தி. ஆண்கள் ஒரு மேஜை, பெண்கள் ஒரு மேஜை. சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு மௌன ஜெபம், சாப்பிட்டு முடித்ததும் இன்னொன்று.

பரிமாறுவது என்ன? ரொட்டி, ஊறுகாய், பீட்ரூட், பாலாடைக்கட்டி. அப்புறம் ‘சர்ச் ஸ்ப்ரெட்’ என்று ஒன்று. நிலக்கடலை வெண்ணெயோடு, கடையில் டப்பாவில் விற்கிற மார்ஷ்மெல்லோ கிரீமையும் பாகையும் போட்டு அடித்துக் கலக்கி ரொட்டியில் தடவுவது. பாக்கெட் ஜெல்லி, டப்பா சூப், பதப்படுத்திய சீஸ் எல்லாமே ஆமிஷ் சமையல் குறிப்புகளில் தாராளமாக நடமாடும். நகரத்து ஆரோக்கியப் பிரியர்கள் பார்த்தால் மயக்கம் போட்டுவிடுவார்கள்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. கவனித்துப் பாருங்கள். ஆமிஷ் வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் சட்டம் உண்டு. தொப்பியின் விளிம்புக்குச் சட்டம். வண்டியின் நிறத்துக்குச் சட்டம். ‘ஓர்ட்நுங்’ என்கிற அந்த எழுதப்படாத சட்டத்தில், எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று பட்டியல் கிடையாது. வாய்க்குள் போவது தீட்டில்லை என்று ரைஸ்ட் சொன்னாரே, அந்த வாதத்தை அம்மானின் பேரப்பிள்ளைகள் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்! தட்டில் என்ன இருக்கிறது என்பது பிரச்னையே இல்லை. தட்டுக்கு எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் பிரச்னை.

*

மின்சாரத்துக்கும் இதே தர்க்கம்தான். மின்சாரம் பாவம் என்று இவர்கள் சொல்வதில்லை. வெளியுலகத்தோடு கம்பி கட்டிக்கொள்வதைத்தான் தவிர்க்கிறார்கள். கம்பி வழியாக முதலில் வெளிச்சம் வரும். அப்புறம் ரேடியோ, டி.வி. என்று ஒவ்வொன்றாக வந்து குடும்பத்தைக் கூறுபோட்டுவிடும் என்கிற பயம். கம்பி இல்லாமல் என்ன செய்யலாமோ, அதில் கில்லாடிகள். பல ஊர்களில் கேஸில் ஓடுகிற ஃப்ரிட்ஜ் உண்டு. மிக்ஸியைப் பிரித்து, மோட்டாரைக் கழற்றிவிட்டு, அழுத்தப்பட்ட காற்றில் ஓடுகிற மாதிரி மாற்றிக்கொள்வார்கள். இன்னும் கறாரான பிரிவுகளில் குளிர்காலத்தில் குட்டை உறைந்ததும் பனிக்கட்டியை அறுத்து எடுத்து, தனிக் கொட்டகையில் சேமித்து, அடுத்த கோடை வரை ஓட்டுவார்கள். சில பேர் பக்கத்து வீட்டு ஆமிஷ் அல்லாதவரின் ஃப்ரீஸரில் வாடகைக்கு இடம் பிடித்து இறைச்சியை வைப்பதும் உண்டு. வீட்டுக்குள் ஃப்ரீஸர் வரக் கூடாது. இறைச்சி அங்கே போய்வரலாம்!

1960-களின் இறுதியில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் பால் கம்பெனிகள், கறந்த பாலைக் குளிரூட்டிய பெரிய தொட்டியில் வைத்தால்தான் வாங்குவோம் என்றன. பிஷப்புகள் கூடிப் பேசினார்கள். தொட்டி ஓகே, டீசல் எஞ்சினில் ஓடட்டும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை பால் எடுக்க வரக் கூடாது என்று பேரம் பேசி முடித்தார்கள். பிழைப்பும் போகக் கூடாது, ஞாயிற்றுக்கிழமைப் பந்தியும் கலையக் கூடாது.

மற்ற எல்லாம் பெண்களின் உழைப்பு. 1858-ல் ஜான் லாண்டிஸ் மேசன் காப்புரிமை வாங்கிய திருகு மூடி போட்ட கண்ணாடி ஜாடிதான் ஆமிஷ் வீட்டின் பேங்க் லாக்கர். கோடையில் தோட்டத்தில் காய்த்ததெல்லாம் ஜாடிக்குள் போகும். பீன்ஸ், தக்காளி, பீச் பழம், பல காய்களைப் போட்ட ‘சௌ சௌ’ ஊறுகாய், இறைச்சிகூட. ஒரு வீட்டின் நிலவறையில் நூற்றுக்கணக்கான ஜாடிகள் வரிசையாக நிற்கும். இலையுதிர் காலத்தில் செப்பு அண்டாவை வெளியே வைத்து, நீளமான துடுப்பால் நாள் முழுக்கக் கிளறி ஆப்பிள் வெண்ணெய் காய்ச்சுவார்கள். வெண்ணெய் என்பது பெயரில்தான். உண்மையில் கெட்டியான ஆப்பிள் களி.

கல்யாணம் வந்தால் கேட்கவே வேண்டாம். லங்காஸ்டர் பக்கம் அறுவடை முடிந்த பிறகு, செவ்வாயும் வியாழனும்தான் கல்யாணக் கிழமைகள். முந்நூறு பேர் வருவது சர்வ சாதாரணம். கான்ட்ராக்ட் சமையல் எல்லாம் கிடையாது. உறவும் அக்கம்பக்கமும்தான் சமையல்காரர்கள். ரொட்டித் துண்டுகளோடு கோழி இறைச்சியைக் கலந்து சுட்ட ‘ரோஷ்ட்’, மசித்த உருளைக்கிழங்கு, கிரீமில் வேகவைத்த செலரி. அந்தச் செலரித் தண்டுதான் கல்யாண வீட்டு மேஜைக்குப் பூங்கொத்தும்கூட. கல்யாணத்தைச் சில வாரங்களுக்கு முன்னால்தான் சபையில் அறிவிப்பார்கள், அதுவரை பரம ரகசியம். ஆனால், செலரி வளர மாதக்கணக்கில் ஆகுமே! வயசுப் பெண் இருக்கிற வீட்டுத் தோட்டத்தில் இந்த வருஷம் செலரி வரிசை நீளமாகத் தெரிந்தால், ஊர் சிரித்துக்கொள்ளும்.

இத்தனை வெண்ணெயும் பாகும் உள்ளே போனால் உடம்பு என்னாகும்? கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு பழைமைவாத ஆமிஷ் சமூகத்தை ஆராய்ந்து 2004-ல் முடிவு வெளியிட்டார்கள். ஆண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 18 ஆயிரம் அடிகளுக்கு மேல் நடந்திருந்தார்கள். பெண்கள் 14 ஆயிரத்துக்கு மேல். உடல் பருமன் நோய் இருந்தவர்கள் நூற்றுக்கு நான்கே பேர். சாப்பாட்டின் ரகசியம் சமையலறையில் இல்லை, வயலில் இருந்தது. அந்த வயலே இப்போது கைநழுவுகிறது. நில விலை ஏறியதில் பல ஊர்களில் பெரும்பாலான ஆமிஷ் ஆண்கள் மரவேலை, கட்டட வேலை என்று போய்விட்டார்கள்.

*

மறுபடி அந்த மேஜைக்கு வருவோம். ‘மெய்டுங்’ என்று பெயர் அந்த விலக்குக்கு. எல்லோருக்கும் கிடையாது. பெரியவனான பிறகு, தெரிந்தே ஞானஸ்நானம் வாங்கி, மண்டியிட்டு வாக்குக் கொடுத்தவன் மீறினால்தான். ஞானஸ்நானத்துக்கு முன்பே வெளியேறிவிட்டால் விலக்கு இல்லை. மீறியவன் திரும்பி வந்து தவறை ஒப்புக்கொண்டால் அன்றைக்கே பழைய நாற்காலி கிடைக்கும். இது தண்டனை இல்லை, அவனைத் திருப்பிக் கூப்பிடுகிற வழி என்பது அவர்கள் தரப்பு.

ஒஹையோவின் வேன் கவுன்டியில் ஒரு விவசாயி, உடம்பு சரியில்லாத மகளை டாக்டரிடம் அழைத்துப்போகக் கார் வேண்டும் என்பதால், கார் வைத்துக்கொள்ள அனுமதிக்கிற வேறு சபைக்கு மாறினார். விலக்கிவிட்டார்கள். 1947-ல் கோர்ட்டுக்குப் போனார். ஜூரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 5,000 டாலர் நஷ்டஈடு. பணம் கிடைத்தது. பந்தியில் இடம்? அதை எந்த நீதிமன்றம் வாங்கித் தர முடியும்?

இதே மக்கள்தான் 2006 அக்டோபரில் உலகத்தையே திகைக்க வைத்தார்கள். பென்சில்வேனியாவின் நிக்கல் மைன்ஸ் என்கிற சின்ன ஊரில், ஆமிஷ் பள்ளிக்கூடத்துக்குள் வெளியாள் ஒருவன் புகுந்து பத்துச் சிறுமிகளைச் சுட்டான். ஐந்து பேர் இறந்தார்கள். அவனும் தன்னையே சுட்டுக்கொண்டு செத்தான். சில மணி நேரத்துக்குள் ஆமிஷ் பெரியவர்கள் கொலைகாரனின் குடும்பத்தைத் தேடிப்போய், மன்னித்துவிட்டோம் என்று ஆறுதல் சொன்னார்கள். அவனை அடக்கம் செய்தபோது வந்து நின்றவர்களில் பாதிக்கு மேல் ஆமிஷ்.

பிள்ளைகளைக் கொன்றவனுக்கு மன்னிப்பு. கார் வாங்கிய மகனுக்குத் தனி மேஜை. முரண்பாடாகத் தெரிகிறதா? அவர்களைக் கேட்டால் முரண்பாடே இல்லை என்பார்கள். வெளியாள் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. மகன் கொடுத்தான். பவுலின் கடிதமும் சகோதரன் என்று பெயர் பெற்றவனைப் பற்றித்தானே பேசுகிறது?

தர்க்கம் சரிதான். ஆனால், சாப்பாடு போடுகிற கைக்குத் தர்க்கம் தெரியுமா? அதனால்தான் சில வீடுகளில் அந்த ஒரே விரிப்பு. வேறு சில வீடுகளில் எல்லாவற்றையும் ஓரமாக அடுக்கிவைத்து, அவரவர் தட்டில் எடுத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்று விட்டுவிடுகிறார்கள். சட்டத்தையும் மீறவில்லை, பிள்ளையையும் தள்ளவில்லை. 1693-ல் ஒரு கொட்டகையில் மண்டியிட்டுக் கெஞ்சிய பெண்களுக்குக் கிடைக்காததை, அவர்களின் பேத்திகள் ஒரு துணியாலும் நாலு பாத்திரங்களாலும் கொஞ்சம் சாதித்திருக்கிறார்கள்.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் உறுத்துகிறது. 1955-ல் பிராட்வேயில் ‘பிளெயின் அண்ட் ஃபேன்ஸி’ என்கிற ஆமிஷ் கதை இசை நாடகம் சக்கைப்போடு போட்டதிலிருந்து, லங்காஸ்டருக்கு டூரிஸ்ட் கூட்டம் அலைமோதுகிறது. சில ஆமிஷ் குடும்பங்கள் காசு வாங்கிக்கொண்டு டூரிஸ்ட்டுகளுக்குத் தங்கள் வீட்டிலேயே விருந்து வைக்கின்றன. நீங்கள் போனாலும் உங்களுக்கும் நாற்காலி உண்டு. வயிறாரச் சாப்பிட்டு, ஷூஃப்ளை பையை ஒரு கட்டு கட்டிவிட்டு வரலாம். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

நீங்கள் அந்த வீட்டுப் பிள்ளை இல்லையே!